ஆங்கில வாக்கியத்தில் விடுபட்டுப்போகும் வினைச்சொல்: என் அனுபவம்

என் ஏழாம் வகுப்பு மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரை ஏடுகளில் ‘மை ஃபாதர் ஃபார்மர்’, ‘மை ஹவுஸ் ஸ்மால்’ போன்ற வாக்கியங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. ‘என் அப்பா விவசாயி’ என்பது தமிழில் வினைச்சொல் இல்லாமலேயே முழுமை பெறும் வாக்கியம்; ஆங்கிலத்திலோ ‘இஸ்’ வந்தாக வேண்டும். சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பதைவிட, இந்த வேறுபாட்டை மாணவர்களே கண்டறிவதுதான் நிலைக்கும் என்பது என் உறுதியான எண்ணம் என்பதால், வாசிப்பிலிருந்து தொடங்கினேன். பாடநூலின் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் செய்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லின் கீழே பென்சிலால் கோடிடச் சொன்னேன். பிறகு அதையே தங்கள் கட்டுரையிலும் செய்யச் சொன்னபோது, “மிஸ், இந்த வரியில கோடு போட ஒண்ணுமே இல்ல” என்று ஒரு மாணவி எழுந்து சொன்னாள்; அடுத்த கணமே ‘இஸ்’ என்று அவளே எழுதிச் சேர்த்தாள். ‘ஃபார்மர்’ என்பதற்கு முன் வரவேண்டிய ‘எ’ பற்றி அன்று நான் வாய் திறக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு பிழையே போதும்.

‘ஹி கோ’ என்பது ‘ஹி கோஸ்’ ஆவதற்குத்தான் கூடுதல் காலம் பிடித்தது. எழுவாயை வட்டமிட்டு, வினையோடு அம்புக்குறியால் இணைக்கும் பயிற்சி அதற்கு உதவியது. இப்போது, கோடும் வட்டமும் இல்லாத ஏட்டை நான் திருத்துவதற்கு வாங்குவதில்லை.