டெபியன் வழு அறிக்கைகளை மின்னஞ்சல் கட்டளைகளால் கையாளும் முறை

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தின் வழுப் பட்டியலை, அதாவது மென்பொருள் பிழைகளின் பட்டியலை, உலாவியில் படிக்கலாமேயொழிய, அங்கிருந்தபடி எதையும் மாற்ற இயலாது. வழுவைப் பதிவதிலிருந்து மூடுவதுவரை அனைத்தும் மின்னஞ்சல் வழியாகவே நடைபெறும். இங்கே தமிழ் ஒலிப்பில் தரப்படும் கட்டளைகளை மடலில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

புதிய வழுவைப் பதிய, 'சப்மிட் அட் பக்ஸ் டாட் டெபியன் டாட் ஆர்க்' முகவரிக்கு எளிய உரையாக மடல் அனுப்புங்கள். உள்ளடக்கத்தின் முதல் வரியில் 'பேக்கேஜ்' என்று எழுதி, முக்காற்புள்ளியிட்டு, வழு உள்ள மென்பொருள் தொகுப்பின் பெயரைத் தர வேண்டும். அடுத்த வரியில் அவ்வாறே 'வெர்ஷன்' என எழுதிப் பதிப்பு எண்ணைத் தந்து, ஒரு வரியை வெறுமையாக விட்டபின் விவரத்தைத் தொடங்கலாம். 'ரிப்போர்ட்பக்' கருவி இவற்றைத் தானே நிரப்புவதோடு, ஏற்கெனவே பதிவான வழுக்களையும் காட்டும் என்பதால், புதியவர்கள் அதையே பயன்படுத்துவது நல்லது.

பதிவான வழுவின் நிலையை மாற்றும் கட்டளைகள் 'கண்ட்ரோல்' என்று தொடங்கும் முகவரிக்குச் செல்ல வேண்டும். வரிக்கு ஒரு கட்டளை என்பதே விதி. 'ரீடைட்டில்' தலைப்பைத் திருத்தும். 'ரீஅசைன்' வழுவை வேறு தொகுப்புக்கு மாற்றும். கடைசியில் 'தேங்க்ஸ்' என்று ஒரு வரி சேர்ப்பது வெறும் மரியாதைக்காக அன்று. வாசிப்பதை அங்கே நிறுத்திவிடுமாறு வழங்கிக்குச் சொல்லும் கட்டளை அது. அதை விட்டுவிட்டால், அடுத்து வரும் விளக்க வரிகளையும் கட்டளைகளாகக் கருதி வழங்கி பிழைச்செய்தி அனுப்பும்.

வழுவின் தீவிரத்தைக் குறிக்கும் 'சிவியாரிட்டி' கட்டளையில்தான் நிதானம் மிகவும் தேவை. கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் ஆகிய மூன்று நிலைகளும் டெபியனின் புதிய பதிப்பு வெளியீட்டையே தடுக்கக்கூடியவை. தொடர்பில்லாத மென்பொருளைக் குலைக்கும் வழுவும், பெரும் தரவு இழப்பை உண்டாக்கும் வழுவும் கிரிட்டிக்கல் எனப்படும். உங்களுக்கு நேர்ந்த எரிச்சல் அதற்கு அளவுகோல் ஆகாது. புதிய வசதி வேண்டுவோருக்கு 'விஷ்லிஸ்ட்' இருக்கிறது.

ஒரே வழு இருமுறை பதிவாகியிருந்தால் 'மெர்ஜ்' என எழுதி இரு எண்களையும் தரலாம். ஆனால் தொகுப்பு, தீவிரம் போன்றவை இரண்டிலும் ஒத்திருந்தால்தான் அது நிறைவேறும். தொகுப்பு ஒன்றாயிருந்து மற்றவை வேறுபட்டால் 'ஃபோர்ஸ்மெர்ஜ்' வேண்டும், அப்போது முதலில் குறித்த வழுவின் விவரங்களே மற்றதற்கும் பொருந்தும்.

கட்டளை அனுப்ப கடவுச்சொல்லும் கணக்கும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், அனுப்பியது பொதுவில் பதிவாகும். ஆகவே காரணம் சொல்லாமல் எதையும் மாற்றாதீர்கள். வழு எண்ணுடைய முகவரிக்கு எழுதும் விளக்க மடலின் முதல் வரியிலேயே 'கண்ட்ரோல்' என்று எழுதி, முக்காற்புள்ளியிட்டு, கட்டளையைச் சேர்த்தால், மாற்றமும் காரணமும் ஒரே இடத்தில் நிற்கும். அங்கே வழு எண்ணுக்குப் பதிலாகக் கழித்தல் குறியுடன் 1 என எழுதினாலே போதும்.

வழுவை மூடவும் இதே கருத்து பொருந்தும். 'குளோஸ்' கட்டளை இருந்தாலும் அதைத் தவிர்த்து, எண்ணை அடுத்து இணைப்புக்கோடும் 'டன்' என்ற சொல்லும் கொண்ட முகவரிக்கு, திருத்தப்பட்ட பதிப்பையும் விளக்கத்தையும் எழுதுங்கள். வழுவைப் பதிந்தவருக்கு அம்மடல் அப்படியே சென்று சேரும். மூடியது தவறெனில் 'ரீஓப்பன்' உண்டு. காப்பகத்துக்குப் போய்விட்ட வழுவாயின், முதலில் 'அன்ஆர்க்கைவ்' அனுப்பியாக வேண்டும்.