யூனோஸ் ரோட்ஸ்டரில் ஸ்டீயரிங் மாற்றும் முன்

ஜப்பானிலிருந்து பிரிட்டனுக்கு இறக்குமதியான பழைய யூனோஸ் ரோட்ஸ்டர் (மாஸ்டா எம்எக்ஸ்-5) வைத்திருப்பவர்கள் ஸ்டீயரிங் வாங்குமுன் போல்ட் துளைகளை அளந்துவிடுங்கள். மோமோ, ஸ்பார்கோ நிறுவன ஸ்டீயரிங்குகளில் ஆறு துளைகளும் 70 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். நார்டியில் அது 74 மி.மீ. இந்த 4 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போல்ட் இறங்காது. ஏர்பேக் உள்ள வண்டிக்கும் இல்லாததற்கும் ஹப் (ஸ்டீயரிங்கை அதன் தண்டோடு இணைக்கும் உலோகத் துண்டு) ஒன்றாக இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். ஏர்பேக் இருந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்த பிறகே கை வையுங்கள். நடு நட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று மரை விட்டு ஸ்டீயரிங்கை இழுங்கள். இல்லையென்றால் சட்டென்று கழன்று முகத்தில் அடிக்கும்.

ஹாரன் அடிக்கவில்லையா? உடனே புது பட்டன் வாங்க ஓடாதீர்கள். (ஏர்பேக் இல்லாத வண்டிக்குத்தான் இந்தச் சோதனை.) பட்டனை நெம்பி எடுத்து, அதில் செருகியிருக்கும் ஒற்றை வயரின் முனையை பெயின்ட் இல்லாத ஹப் உலோகத்தில் தொடுங்கள். ஹாரன் அலறினால் ரிலேயும் (ஹாரனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) ஹாரனும் நலம், பட்டனில்தான் கோளாறு. பெரும்பாலும் அதற்கு எர்த் (வண்டியின் உலோகத்தோடு மின் இணைப்பு) கிடைத்திருக்காது. பட்டன் உட்காரும் விளிம்பில் துருவையும் பெயின்டையும் உப்புத்தாளால் தேய்த்தாலே பல நேரம் சரியாகிவிடும். இரண்டு முனையுள்ள பட்டன் என்றால் ஹப்பிலிருந்து தனியாக ஓர் எர்த் வயர் கொடுங்கள்.