பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்கும் உயிரைக் கண்டறிவது எப்படி?

சமஸ்கிருதமோ கிரேக்கமோ கற்கத் தொடங்கியவர், சில வினைகளில் விகுதி பகுதியோடு நேரே ஒட்டுவதையும், வேறு சிலவற்றில் இடையே ஓர் உயிர் வந்து நிற்பதையும் விரைவில் கவனிப்பார். 'நடந்தனன்' என்பதில் 'அன்' சாரியையைப் பிரித்துப் பழகிய நமக்கு இந்த அமைப்பு அந்நியமானதன்று. ஆனால் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவை அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில், இப்படி இடையே நிற்கும் இணைப்புயிருக்கு ஒரு தனி இயல்பு உண்டு: பின்னால் வரும் ஒலியைப் பொறுத்து அது எகரமாகவோ ஒகரமாகவோ நிற்கும். அந்த மாற்றமே அதை இனங்காண உதவும் முதல் அடையாளம்.

தேடலைக் கிரேக்கத்தின் பன்மை வடிவங்களிலிருந்து தொடங்குங்கள். ஒருமையில் உயிரும் விகுதியும் கலந்துவிட்டதால் பிரிப்பது கடினம். 'சுமக்கிறோம்' என்பதற்குப் பெரொமென், 'சுமக்கிறீர்கள்' என்பதற்குப் பெரெதெ, 'சுமக்கிறார்கள்' என்பதற்கு டோரிக் என்னும் பழங்கிரேக்க வட்டார வழக்கில் பெரொந்தி. 'பெர்' என்ற பகுதியையும் மென், தெ, ந்தி என்ற விகுதிகளையும் நீக்கினால் ஒ, எ, ஒ என்பவை எஞ்சும். மகர னகரங்களுக்கு முன் ஒகரம், தகரத்துக்கு முன் எகரம். குறில் எகர ஒகரங்களுக்குத் தமிழில் தனி எழுத்து இருப்பதால், இவ்வடிவங்களை நம் எழுத்திலேயே எழுதிப் பார்ப்பது எளிது.

சமஸ்கிருதத்தில் இந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. பழைய எகரமும் ஒகரமும் அங்கே அகரமாயின. பரதி (சுமக்கிறான்), பரத (சுமக்கிறீர்கள்), பரந்தி (சுமக்கிறார்கள்) என எங்கும் அகரமே தெரியும். ஆனால் 'சுமக்கிறோம்' என்பது பராமஃ என நீள்கிறது. சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினி தம் நூலின் 3.1.68-ஆம் சூத்திரத்தில் 'சப்' என்ற விகரணமாக, அதாவது பகுதிக்கும் விகுதிக்கும் இடையே வரும் உறுப்பாக, இந்த அகரத்தை விதித்து, 7.3.101-இல் மகர வகரம் போன்ற ஒலிகளுக்கு முன் அதன் நீட்சியைக் கூறுகிறார். மொழியியலாளர் கார்ல் புருக்மன் 1876-இல் முன்வைத்த விதி அதற்கு வரலாற்றுக் காரணம் காட்டுகிறது: மெய் ஒன்றே பின்வரும் இடத்திலிருந்த பழைய ஒகரம் ஆகாரமாயிற்று, பரந்தியில் இரு மெய்கள் தொடர்வதால் நீளவில்லை. விதியின் எல்லைகள் பற்றி விவாதம் உண்டு என்றாலும், பாணினியின் சூத்திரமும் இவ்விளக்கமும் ஒரே இடத்தில் சந்திப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அடுத்து, பகுதியையே சோதியுங்கள். இணைப்புயிர் உள்ள வினையில் பகுதி பெரும்பாலும் மாறாமல் நிற்கும். இல்லாத வினையிலோ பகுதி சுருங்கி விரியும். 'இருக்கிறான்' என்பதற்கு அஸ்தி, 'இருக்கிறார்கள்' என்பதற்கு ஸந்தி. 'அஸ்' என்ற பகுதியின் அகரம் பன்மையில் விழுந்துவிட்டது. ஸந்தியில் காணும் அகரம் விகுதிக்கு உரியது; அதை இணைப்புயிர் என்று எண்ணுவதே தொடக்கநிலை மாணவர் அடிக்கடி செய்யும் பிழை. சமஸ்கிருத வினைகளின் பத்துக் கணங்களில் (வகைகளில்) 1, 4, 6, 10 ஆகியவை இணைப்புயிர் பெறுபவை.

லத்தீனுக்கு வரும்போது 'வாசி' என்னும் பொருளுடைய வினையை எடுத்துக்கொள்ளுங்கள்: லெகிமுஸ், லெகிதிஸ், லெகுந்த். இங்கே உயிர்கள் நலிந்து இகரமாகவும் உகரமாகவும் ஆகியிருக்கின்றன. அமாமுஸ் என்பதிலுள்ள ஆகாரம் வினையடிக்கே உரியது; அதை இவற்றோடு சேர்க்கக் கூடாது. 'சுமத்தல்' பொருளுடைய லத்தீன் வினையையும் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. அதன் சில வடிவங்களில் நடு உயிரே இராது.

பெயர்களிலும் இதே உயிர் உண்டு. ஓநாயைக் குறிக்கும் சொல்லின் எழுவாய் வடிவத்தையும் விளி வடிவத்தையும் அருகருகே எழுதுங்கள்: கிரேக்கத்தில் லுகொஸ், லுகெ, லத்தீனில் லுபுஸ், லுபெ, லித்துவேனியத்தில் வில்கஸ், வில்கெ. எழுவாயில் இருந்த பழைய ஒகரம் லத்தீனில் உகரமாகவும் லித்துவேனியத்தில் அகரமாகவும் மாறியது. விளியின் எகரமோ மூன்றிலும் அப்படியே நிற்கிறது.