அமெரிக்காவின் அயோவா மாநிலச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றைத் தொகுக்கும் முறை

முதலில் கவுண்டி (மாவட்டம் போன்ற உட்பிரிவு) நிலப்பதிவு அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள். 1785ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை ஆறு மைல் சதுர டவுன்ஷிப்புகளாகவும், அவற்றை 36 பிரிவுகளாகவும் வகுத்து, 16ஆம் பிரிவைப் பள்ளிகளுக்கென ஒதுக்கியதால், அப்பிரிவு கைமாறிய பத்திரங்களைப் பின்தொடர்ந்தால் ஊர்ப் பள்ளியின் தொடக்கம் பற்றிய தடயங்கள் கிடைக்கக்கூடும்.

குடும்பங்களை அறியக் கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள்; ஆனால் 1890ஆம் ஆண்டுப் படிவங்களில் பெரும்பகுதி 1921இல் நேர்ந்த தீவிபத்தால் அழிந்துபோனது. அந்த இடைவெளியை அயோவா மாநிலமே 1885, 1895 ஆகிய ஆண்டுகளில் எடுத்த கணக்கெடுப்புகள் பெருமளவு நிரப்பும் (பல மாநிலங்களுக்கு இந்த வசதி இல்லை). தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள் பல ஜெர்மன் அல்லது நார்வே மொழியில் இருக்கும் என்பதால், மொழி அறிந்தவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தானியக் கிடங்கு ரயில் பாதையை ஒட்டி நிற்கிறதா என்பதையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; ஊரின் வளர்ச்சியில் ரயிலுக்கு இருந்த பங்கை அது உணர்த்தக்கூடும்.

இன்றைய சமூக நிலையை எழுதும்போது, கணக்கெடுப்பு நடந்து 72 ஆண்டுகள் கழிந்த பின்னரே தனிநபர் விவரங்கள் வெளியிடப்படுவதால், 1950க்குப் பிந்தைய காலத்திற்கு மொத்த எண்ணிக்கைகளையே சார்ந்திருக்க வேண்டும்.