‘பைபிளில் எங்கே இருக்கிறது?’ என்று கேட்பதற்கு முன்: வேதமா மரபா என்ற விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆயாவின் முப்பதாம் நாள் பூசை எலத்தகிரியில் நடந்தது. கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, பந்தலில் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ரசத்துக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது சித்தி மகன் கேட்டான்: “செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்லி பைபிள்ல எங்க இருக்கு, பெரியப்பா?” ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தவன் அவன்.

“மக்கபேயர் ரெண்டாம் புத்தகம், பன்னிரண்டாம் அதிகாரம்” என்றார் பெரியப்பா.

“அந்தப் புத்தகமே எங்க பைபிள்ல இல்லையே.”

“அதை எடுத்தது யாரு?”

அவ்வளவுதான். பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார். சித்தி அழுதாள். ஆயாவை நினைக்கக் கூடிய நாள் அப்படி முடிந்தது.

என் அப்பா கிருஷ்ணகிரி லுத்தரன், அம்மா எலத்தகிரி ஆர்.சி. அதனால் இந்தச் சண்டையை இரண்டு பக்கமும் கேட்டே வளர்ந்தேன். கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற இந்த இரண்டு மாவட்டங்களில் என்னைப் போலக் கலந்த குடும்பங்கள் நிறைய. நான் பார்த்தவரை, சண்டை போடுகிறவர்களில் பெரும்பாலோர் எதிராளி சொல்லாத ஒன்றோடுதான் மோதுகிறார்கள். உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்கு நாம் போய்ச் சேரவிடாமல் தடுக்கிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன உள்ளூர் வரலாறு. வேதத்தின் அதிகாரம் என்ற கேள்வி கிருஷ்ணகிரிக்கு நேற்று வந்ததல்ல. தியடோர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் என்ற இரண்டு மிஷனரிகள் ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனில் வேலை செய்தவர்கள். வேதம் முழுவதும் பிழையற்றதா என்ற விஷயத்தில் மிஷனோடு கருத்து வேறுபாடு வந்து, அதிலிருந்து விலகினார்கள். அமெரிக்காவின் மிசௌரி சினடு என்ற லுத்தரன் சபை அவர்களை ஏற்றுக்கொண்டு அனுப்பியது. 1895-ல் நேத்தர் வேலையைத் தொடங்கிய ஊர் கிருஷ்ணகிரி. அந்த மிஷனிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை. அப்பா வழியில் எங்கள் சபை பிறந்ததற்குக் காரணமே இந்தக் கேள்விதான். மறுபக்கம், கத்தோலிக்க ஊர்களான கோவிலூரும் எலத்தகிரியும் பல தலைமுறைகளாக இங்கே இருக்கின்றன. சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 1997-ல் தருமபுரி மறைமாவட்டம் உருவானபோது, இன்றைய இரண்டு மாவட்டங்களின் பகுதிகளும் அதில் வந்தன.

‘மட்டும்’ என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்வது

‘வேதம் மட்டும்’ என்றால் வேதத்தைத் தவிர எதையும் தொடக்கூடாது என்று சித்தி மகன் நினைக்கிறான். பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அவனோடு சண்டை போடுகிறார். சீர்திருத்தக்காரர்கள் சொன்னது அது இல்லை. 1521-ல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்தில் பேரரசர் முன்னால் நின்ற மார்ட்டின் லூதர், போப்புகளும் சங்கங்களும் (ஆயர்கள் கூடித் தீர்மானிக்கிற மாநாடுகள்) தவறியிருக்கிறார்கள், தங்களுக்குள்ளேயே முரண்பட்டிருக்கிறார்கள், அதனால் வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ காட்டினால்தான் என் எழுத்தைத் திரும்பப் பெறுவேன் என்றார். அதே லூதர் விசுவாசப் பிரமாணத்தை வைத்துக்கொண்டார், குழந்தை ஞானஸ்நானத்தை வைத்துக்கொண்டார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் எழுதினார். லுத்தரன்களின் விசுவாச அறிக்கையான 1530-ன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, ஆதிச் சபையின் போதகர்களான சபைப் பிதாக்களை எடுத்துக்காட்டியே பேசுகிறது.

அதாவது, மரபுக்கும் சபையின் தீர்மானங்களுக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் தவறவே தவறாத அளவுகோல் வேதம் ஒன்றுதான், மற்ற எல்லாவற்றையும் அதில் வைத்துப் பார்க்க வேண்டும். இதுதான் பழைய கொள்கை. அப்பாவின் சபையில் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணம் அந்த வடிவில் எந்த அதிகாரத்திலும் இல்லை. அது வேதத்தின் சாரம் என்பதால் சொல்கிறார்கள். ஒருவன் தனியாக ஒரு அறையில் பைபிளோடு உட்கார்ந்து, இரண்டாயிரம் வருடத்தில் யாரும் சொல்லாததைக் கண்டுபிடித்து, “எனக்கு இப்படித்தான் புரிகிறது” என்று சொன்னால், அதற்கு லூதரின் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

மரபு என்றால் தேர்த்திருவிழா என்று நினைப்பது

கத்தோலிக்கர்கள் ‘மரபு’ என்று சொன்னால் நம் கண்ணில் உடனே வருவது கொடியேற்றம், தேர், மெழுகுவர்த்தி, நேர்ச்சை. “இதெல்லாம் பைபிளில் இருக்கா?” என்று கேட்டால், படித்த எந்த ஃபாதரும் இல்லை என்றுதான் சொல்வார். இவை வழக்கங்கள், வரும், மாறும், போகும். அப்போஸ்தலர்களிடமிருந்து வந்த திருமரபு வேறு, ஊர் ஊராகக் காலப்போக்கில் உண்டான பழக்கவழக்கங்கள் வேறு என்று 1992-ல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வியே பிரித்துச் சொல்கிறது.

பெரியப்பாவே இதற்கு நல்ல சாட்சி. சிறுவனாகப் பூசைக்கு உதவியபோது அவர் லத்தீனில் பதில் சொன்னவர். சாமியார் “தோமினுஸ் வோபிஸ்கும்” என்றால் “எத் கும் ஸ்பிரித்து துவோ” என்று சொல்ல வேண்டும். அர்த்தம் தெரியாது, ஆனால் தப்பில்லாமல் சொல்வார். இன்றும் கேட்டால் ராகத்தோடு சொல்லிக் காட்டுவார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. லத்தீன் போனது, விசுவாசம் போகவில்லை. குருக்கள் திருமணம் செய்யாமல் இருப்பதும் ஒழுங்குமுறைதான். கிழக்கத்திய கத்தோலிக்கச் சபைகள் சிலவற்றில் மனைவி மக்களோடு குருக்கள் இருக்கிறார்கள்.

“அவர்களுக்கு மரபுதான் பெரிது, பைபிள் அதற்குக் கீழே” என்பது இன்னொரு தப்பு. 1546 ஏப்ரல் 8 அன்று, சீர்திருத்தத்துக்குப் பதிலாகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம், எழுதப்பட்ட நூல்களையும் எழுதப்படாத மரபுகளையும் சமமான பக்தியோடு ஏற்பதாகத் தீர்மானித்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்மானத்தின் வரைவில் உண்மை ‘பாதி நூல்களிலும் பாதி மரபுகளிலும்’ இருக்கிறது என்று எழுதியிருந்ததை மாற்றி, ‘நூல்களிலும் மரபுகளிலும்’ என்று மட்டும் வைத்தார்கள். அந்த ஒரு சொல் மாற்றத்தைப் பற்றி இன்றுவரை இறையியலாளர்கள் விவாதிக்கிறார்கள். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, திருச்சபையின் போதனை அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று தெளிவாகச் சொல்கிறது. அதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்வது இதுதான்.

ஒற்றை வசனத்தை வைத்து வழக்கை முடிப்பது

நான் அதிகமாகக் கண்ட தவறு இதுதான். ஒருவர் மாற்கு 7-ஐ எடுப்பார்: தேவனுடைய கட்டளையைத் தள்ளிவிட்டு ‘மனுஷருடைய பாரம்பரியத்தை’ கைக்கொள்கிறீர்கள் என்று இயேசு பரிசேயரைக் கடிந்துகொள்கிற இடம். “பாத்தீங்களா, பாரம்பரியமே தப்பு” என்று முடித்துவிடுவார்.

ஆயாவின் காரியத்துக்குப் பிறகு ஒருநாள் அப்பாவின் பழைய மொழிபெயர்ப்பு பைபிளை எடுத்து, 2 தெசலோனிக்கேயர் 2:15-ஐ அதோடு சேர்த்து வைத்துப் படித்தேன். வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது நாங்கள் உபதேசித்த ‘முறைமைகளை’ கைக்கொள்ளுங்கள் என்கிறார் பவுல். 1 கொரிந்தியர் 11:2-ல் அதே பவுல், தான் ஒப்புவித்த ‘கட்டளைகளை’ கைக்கொள்வதற்காகச் சபையைப் புகழ்கிறார். தமிழில் மூன்று வெவ்வேறு சொற்கள். கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் ஒரே சொல்: பாரதோசிஸ், கையிலிருந்து கைக்கு ஒப்படைக்கப்பட்டது. திட்டுகிற இடத்தில் ‘பாரம்பரியம்’, போற்றுகிற இடத்தில் ‘முறைமை’ என்று படித்துப் படித்து, பாரம்பரியம் என்ற சொல்லே நம் காதில் கெட்ட சொல்லாகிவிட்டது. சொல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. யாருடைய பாரம்பரியம், யாரிடமிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

அதற்காக, தெசலோனிக்கேயர் வசனத்தைக் காட்டி “முடிஞ்சது கதை” என்று கத்தோலிக்கர் சொல்வதும் சரியில்லை. பவுல் வாயால் சொன்னது பின்னால் எழுத்தில் வந்ததா, எழுத்தில் வராத ஏதாவது சபையின் வாழ்வில் தங்கியதா என்று அந்த வசனம் சொல்லவில்லை.

2 தீமோத்தேயு 3:16-ம் அப்படியே. வேதவாக்கியங்கள் ‘பிரயோஜனமுள்ளவை’ என்கிறது, ‘மட்டும்’ என்று அங்கே இல்லை. தீமோத்தேயு சிறுவயது முதல் அறிந்திருந்த வேதவாக்கியங்களோ பழைய ஏற்பாடு. ஆனால் கத்தோலிக்க நண்பர்கள் 16-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தேவனுடைய மனுஷன் எந்த நற்கிரியையும் செய்யத் தகுதியுள்ளவனாகும்படி என்று 17-ஆம் வசனம் தொடர்கிறது. புரொட்டஸ்டன்ட் வாதத்தின் பலம் அதில்தான் இருக்கிறது. எதிராளியின் பலமான இடத்தைப் படிக்காமல் பதில் சொல்லக் கூடாது.

புத்தகங்களைச் சேர்த்தார்கள், கிழித்தார்கள் என்பது

பந்தலில் சண்டை முற்றியது இந்த இடத்தில்தான். மக்கபேயர் உட்பட, புரொட்டஸ்டன்ட் பைபிளில் இல்லாத ஏழு புத்தகங்களைத் திரெந்து சங்கத்தில் புதிதாகச் சேர்த்தார்கள் என்று ஒரு பக்கம். லூதர் கிழித்தெறிந்தார் என்று இன்னொரு பக்கம். இரண்டுமே தப்பு. 397-ல் கார்த்தேஜ் சங்கத்தின் பட்டியலிலேயே மக்கபேயர் இருக்கிறது. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த, எபிரேய மூலத்தைக் கற்ற ஜெரோம் அந்தக் காலத்திலேயே அவற்றைப் பற்றிச் சந்தேகம் எழுப்பினார் என்பதும் உண்மை. லூதர் 1534-ல் வெளியிட்ட முழு பைபிளில் அந்தப் புத்தகங்கள் இருந்தன. தனிப் பகுதியாக வைத்து, வேதத்துக்குச் சமமில்லை, ஆனாலும் படிக்க நல்லவை என்று குறிப்பு எழுதினார். தமிழில் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அவை ‘இணைத்திருமுறை’ என்ற பெயரில் இருக்கின்றன. வீட்டில் ஒன்று வாங்கி வையுங்கள். வேதமாக ஏற்கவேண்டியதில்லை, 2 மக்கபேயர் 12-ஐப் படித்துவிட்டாவது பேசலாம்.

325-ல் நிசேயா சங்கம் பைபிளைத் தொகுத்தது என்பதும் வாட்ஸப்பில் சுற்றுகிற கதை. அங்கே பேசியது கிறிஸ்துவின் தெய்வீகத்தைப் பற்றி. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அப்படியே வரிசைப்படுத்தியதாக நமக்குக் கிடைக்கிற முதல் பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367-ல் எழுதிய ஈஸ்டர் கடிதத்தில் இருக்கிறது.

சபையா பைபிளைக் கொடுத்தது? தங்கத்தை உரைகல்லில் உரசிப் பார்க்கிற தட்டான் தங்கத்தை உண்டாக்கவில்லை என்பார்கள் புரொட்டஸ்டன்ட்கள். சபை வேதத்தை அடையாளம் கண்டதே தவிர, வேதமாக்கவில்லை. கத்தோலிக்கர் திருப்பிக் கேட்பார்: இதில் அந்தத் தட்டானின் கையை நம்புகிற நீங்கள், மற்றதில் ஏன் நம்பமாட்டேன் என்கிறீர்கள்? இரண்டு பக்கமும் யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்தான். சாப்பாட்டுப் பந்தியில் அதற்கு நேரம் போதாது.

தனக்கு மரபே இல்லை என்று நம்புவது

சித்தி மகனின் சபையில் நகை போடமாட்டார்கள், ஞாயிறன்று வெள்ளை உடைதான், ஆராதனை எந்த வரிசையில் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நகைக்கு 1 பேதுரு 3-ஐக் காட்டுவார்கள். ஆனால் அந்த வசனத்தை அப்படித்தான் படிக்க வேண்டும் என்று பழக்கியது அந்தச் சபையின் மரபு. அதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் மரபு என்றுதான் பெயர் என்று ஒத்துக்கொண்டால் போதும். பாதிச் சூடு அங்கேயே தணியும்.

அதே நேரம், “பைபிள் மட்டும் என்று போனதால்தான் முப்பதாயிரம் சபைகள்” என்று எண்ணிக்கையை வீசவேண்டாம். அந்தக் கணக்கு நாடு வாரியாகத் தனித்தனியாக எண்ணியது. கத்தோலிக்கத் திருச்சபையே அதில் பலமுறை எண்ணப்பட்டிருக்கிறது.

‘எல்லாம் ஒன்றுதான்’ என்று மூடிவைப்பது

சண்டைக்குப் பயந்து பெரியவர்கள் செய்கிற தவறு இது. எல்லாம் ஒன்றல்ல. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பதில் லுத்தரனும் பெந்தெகொஸ்தேயும் ஒரே பைபிளைத் திறந்து இரண்டு பதில் சொல்கிறார்கள். ‘வேதம் மட்டும்’ என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்: வேதத்தைப் படிக்கிறவர்கள் ஒத்துப்போகாதபோது தீர்ப்பு யார் கையில்? மாதா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற விண்ணேற்பை 1950-ல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) விசுவாச சத்தியமாக அறிவித்தார். கத்தோலிக்கர்களும் பதில் சொல்லியாக வேண்டும்: இது அப்போஸ்தலர்கள் ஒப்படைத்ததுதான் என்று எப்படித் தெரியும், திருச்சபையே தவறினால் அதைத் திருத்துவது எது? உண்மையான பிளவு இங்கேதான்: கடைசி வார்த்தை யாருடையது என்பதில். இந்தக் கேள்வியைக் கேட்காமல் மெழுகுவர்த்தியையும் தேரையும் பிடித்துக்கொண்டு நாம் வருடக்கணக்காகச் சண்டை போடுகிறோம்.

ஆயாவின் வருட நினைவுக்குச் சித்தி மகன் வந்தான். பூசைக்கு உள்ளே வரவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். கல்லறையில் பெரியப்பா திருவிவிலியத்தை அவன் கையில் கொடுத்து, 130-ஆம் திருப்பாடலைக் காட்டினார். ஆழத்திலிருந்து கூப்பிடுகிற அந்தப் பாட்டு இரண்டு பைபிளிலும் இருக்கிறது. அவன் வாசித்தான். சாயங்காலம் திண்ணையில் மாம்பழம் அறுத்துக்கொண்டிருக்கும்போது அவனே ஆரம்பித்தான்: “சரி பெரியப்பா, கடைசி வார்த்தை திருச்சபைகிட்ட இருக்குன்னு நீங்க ஏன் நம்புறீங்க? சண்டைக்குக் கேக்கல.” பெரியப்பா கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கடைசி பஸ் போன பிறகும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.