தையல் மெஷின் மேல் டிவி

திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஏழைக் குடும்பங்கள் சொந்தக் காலில் நிற்க உதவும் இந்த வேலைக்கு வந்த புதிதில், கணவரை இழந்த ஓர் அக்காவுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் போனால் அதன் மேல் டிவி உட்கார்ந்திருக்கிறது. "உங்களுக்குத் தைக்க வருமா அக்கா?" என்று நான் கேட்கவே இல்லை. வீடு தேடி வந்ததை வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் கூச்சம்.

புதிதாக வருகிறவர்களே, முதல் நாள் படிவத்தை வெளியே எடுக்காதீர்கள். வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஆரம்பித்தால் இல்லாதது மட்டும்தான் அதில் ஏறும். "கையில் காசே இல்லாத நாளில் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்த அக்கா, "ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தேன், அரிசி கொடுத்தாங்க" என்றார். காது தொங்குவதைப் பார்த்தே எந்த ஆட்டுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவார். என் படிவத்தில் தொழில்: இல்லை.

அடுத்து, திட்டத்தை அவர்களே சொல்லட்டும். இரண்டு பெட்டை ஆடு போதும் என்றார். மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் கேட்டபோது கணக்கையும் அவரே போட்டார்: சினை ஐந்து மாதம், குட்டி விலைக்குப் போக இன்னும் ஆறேழு மாதம், அதுவரை வட்டி மட்டும் கட்டுகிறேன், அசல் அப்புறம். எனக்கு இது தோன்றியிருக்காது. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியைக்கூட அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே. விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க முதல் தடவை கூடப் போங்கள். ஆனால் பேசுவது அவராக இருக்கட்டும். வாயை மூடிக்கொண்டு உட்காருவது கஷ்டம்தான். இறப்புச் சான்றிதழில் இனிஷியல் மாறியிருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை நான் எதிர் டீக்கடையில் நின்றேன். மூன்றாம் தடவை போகவில்லை.

வீட்டுக்குப் போவதையும் அப்படியே குறையுங்கள்: வாரம் ஒரு முறை, மாதம் ஒரு முறை, அப்புறம் அவர்கள் கூப்பிட்டால் மட்டும்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். டிவி சுவரில் தொங்குகிறது, மெஷினைக் காணோம். விற்று ஆட்டுக்கொட்டகைக்குத் தகரம் போட்டுவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.