ஊர் நூலகப் புத்தகங்களை வகைப்படுத்திப் பட்டியலிடுவது எப்படி?

வாசகசாலையில் 500 புத்தகங்கள் சேர்ந்துவிட்டால் நினைவை நம்பித் தேட முடியாது. ஒரு புத்தகம் அலமாரியில் ஓரிடத்தில்தான் இருக்கும். தேடி வருபவர் ஆசிரியர் பெயரோடு வரலாம், பாதித் தலைப்போடு வரலாம், "இயற்கை உரம் பத்தி ஏதாவது இருக்கா?" என்றும் கேட்கலாம். அந்த ஓரிடத்தை எண்ணால் நிலைநிறுத்த வேண்டும். எந்த வழியில் கேட்டாலும் அந்த எண்ணைக் காட்டும் பட்டியலும் வேண்டும்.

1. வரவுப் பதிவேடு

ஒவ்வொரு பிரதிக்கும் தனி வரிசை எண் கொடுங்கள். ஒரே நாவல் மூன்று பிரதி வந்தால் மூன்று எண்கள். தொலைந்த புத்தகத்தின் எண்ணை வேறொன்றுக்குத் தராதீர்கள், கணக்கெடுப்பின்போது குழப்பும். எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறமும், உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் (உதாரணமாக 25) எழுதுங்கள். முதல் தாள் கிழிந்தாலும் அடையாளம் இருக்கும்.

2. விவரம் எடுத்தல்

அட்டையைப் பார்த்து எழுதாமல் உள்ளே உள்ள தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். அட்டையில் தலைப்பைச் சுருக்கியிருப்பார்கள். ஆண்டும் பதிப்பும் பின்பக்கத்தில் இருக்கும். வெறும் மறுஅச்சையும் 'இரண்டாம் பதிப்பு' என்றே போடுவது தமிழில் வழக்கம் என்பதால், அச்சிட்டபடியே குறித்துக்கொள்வது நல்லது.

3. பகுப்பு எண்

நூலகங்களில் புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் முறையான டூவி தசமப் பகுப்பு (1876) அறிவுத்துறைகளை 000 முதல் 900 வரை பத்தாகப் பிரிக்கிறது. நமக்கு அடிக்கடி தேவைப்படுபவை: தமிழ்மொழி, இலக்கணம் 494.811, மருத்துவம் 610, வேளாண்மை 630, சமையல் 641.5, தமிழ்க் கவிதை 894.8111, நாடகம் 894.8112, நாவல், சிறுகதை 894.8113, கட்டுரை 894.8114, தமிழக வரலாறு 954.82.

தலைப்பை மட்டும் வைத்து எண் போடாதீர்கள். பொருளடக்கமும் முன்னுரையும் படித்து, புத்தகம் எதைப் பற்றியது என்று முடிவு செய்யுங்கள். திருக்குறள் உரை குறளோடுதான் நிற்க வேண்டும். சுஜாதாவின் நாவல் 894.8113இலும் அவருடைய அறிவியல் நூல் 500இலும் போகும். எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வைத்தால் அறிவியல் தேடும் மாணவர் கண்ணில் அது படவே படாது.

4. முதுகுச் சீட்டும் அடுக்குவதும்

சீட்டில் மேலே பகுப்பு எண், கீழே ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள். கல்கியின் நாவலுக்கு: 894.8113 / கல். எல்லாப் புத்தகத்திலும் அடியிலிருந்து ஒரே உயரத்தில், சுமார் 3 செ.மீ. விட்டு ஒட்டுங்கள்.

புதியவர்கள் அதிகம் தவறுவது அடுக்கும்போதுதான். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை முழு எண்ணாகப் படித்து, 8113 பெரிது, 814 சிறிது என்று மாற்றி வைத்துவிடுவார்கள். ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். 894.8113 (தமிழ் நாவல்), 894.812 (மலையாளம்), 894.814 (கன்னடம்), 894.827 (தெலுங்கு) என்பதே சரியான வரிசை.

5. பட்டியல்

எக்செல் போதும். வரவு எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு, பொருள், பகுப்பு எண் என ஏழு பத்திகள். கவனம் முழுவதும் பெயரில் இருக்கட்டும். தலைப்பெழுத்தைப் பின்னால் போடுங்கள்: 'கிருஷ்ணமூர்த்தி, ரா.' முன்னால் போட்டால் 'எஸ்', 'எஸ்.', 'S.' என ஒருவரே மூன்று பேராகிவிடுவார்.

புனைபெயருக்கு, வாசகர் அறிந்த பெயரையே தலைமையாக வைத்து மற்றதற்கு வழிகாட்டி வரி சேர்க்க வேண்டும்: 'கிருஷ்ணமூர்த்தி, ரா. – கல்கி பார்க்க', 'ரங்கராஜன், எஸ். – சுஜாதா பார்க்க'. பொருளுக்கும் இதே விதி. வேளாண்மை என்று முடிவு செய்தால், 'விவசாயம் – வேளாண்மை பார்க்க'. இந்த ஒற்றை வரிகளைப் பலர் வீண்வேலை என்று விட்டுவிடுகிறார்கள். புத்தகம் இருந்தும் இல்லை என்று வாசகரைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான்.

அகரவரிசையையும் சோதியுங்கள். சில மென்பொருள்கள் ஜ-வை ச-வுக்கு அடுத்து வைக்கும். அகராதி மரபில் கிரந்த எழுத்துகள் கடைசியில் வரும். எதையாவது ஒன்றைத் தேர்ந்து எழுதி ஒட்டிவிடுங்கள்.

சில ஆயிரம் புத்தகங்களைத் தாண்டினால் இலவச நூலக மென்பொருளான கோஹாவுக்கு (Koha) மாறலாம். ஆசிரியர் 100, தலைப்பு 245, பொருள் 650, டூவி எண் 082 என்ற மார்க் (MARC, கணினிப் பட்டியலுக்கான பொது வடிவம்) புலங்களுக்கு உங்கள் பத்திகளை ஏற்றிக்கொள்ளலாம்.